மொய் விருந்தில் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் மண்டபக்காரர்கள் அந்த மாதத்தை வெள்ளையடிக்க ஒதுக்கிவிடுவார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் நிலைமை தலைகீழ். ஆடியில்தான் அங்கே மண்டபம் கிடைப்பது கஷ்டம். தாலி கட்டு இல்லை, காதுகுத்து இல்லை, பூப்பு நீராட்டு இல்லை. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவது ஒன்றே விசேஷம். ஆவணியிலும் இது தொடரும்.

வெளியூர்க்காரர்களுக்கு மொய் விருந்து என்றால் 1992இல் வந்த ‘சின்னக் கவுண்டர்’ படம் நினைவுக்கு வரும். கடனில் தவிக்கும் ஒருத்தி ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறாள். சாப்பிட்டவர்கள் இலைக்கடியில் தங்களால் ஆனதை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். அது ஒருமுறை செய்யும் உதவி, அத்தோடு முடிந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் எல்லை ஊர்களில் நடப்பது வேறு. இங்கே நோட்டில் ஏறாத மொய் மொய்யே இல்லை.

பத்து முதல் முப்பது பேர்வரை ஒன்றுசேர்ந்து ஒரே பத்திரிகை அடிக்கிறார்கள். பந்தல், ஆடு, சமையல்காரர், பிளக்ஸ் எல்லாச் செலவும் பொது. வசூல் மட்டும் தனித்தனி. பந்தலின் ஒரு பக்கம் பந்தி ஓடிக்கொண்டிருக்கும். மறுபக்கம் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் மேலே விருந்து வைப்பவரின் பெயர் எழுதிய அட்டை, ஒரு பாத்திரம், ஒருவர் பணத்தை வாங்கி எண்ண, இன்னொருவர் எழுத. பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் முதலில் ஊர், பிறகு தகப்பனார் பெயர், பிறகு செய்தவர் பெயர், தொகை. சாப்பிட்டுவிட்டு வருகிறவர் நாலு மேசையில் நின்று நாலு பேருக்குச் செய்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இன்று வாங்கியவர் அடுத்தடுத்த ஆடிகளில் மற்றவர்கள் விருந்துக்குப் போய் அதே தொகையைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் சேர்த்துப் போடவேண்டும். அந்தச் சேர்மானம் புது நடை. ஒருவருக்கு மறுபடி முறை வர ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும்.

இதை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது, வட்டியில்லாக் கடன் என்பது. லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில் பூவும் வாழையும் தென்னையும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நிற்கின்றன. போர் போட்டு, மோட்டார் இறக்கச் சில லட்சங்களை ஒரே வாரத்தில் புரட்டவேண்டிய விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கம் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்கும். பாகம் பிரிக்காத நிலம் என்றால் அதற்கும் வழியில்லை. மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்ப எந்த வங்கியும் பயிர்க்கடன் தராது. மொய் விருந்து எந்தக் காகிதமும் கேட்காமல் ஒரே நாளில் மொத்தப் பணத்தைக் கையில் கொடுக்கிறது. திருப்புவதோ சிறுசிறு தொகையாக, ஆண்டுக்கணக்கில். காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாயில் வந்து நாற்றங்காலுக்குப் பணம் தேவைப்படும் மாதமும் ஆடிதான். இதைப் பேராசை என்று கேலிசெய்யும் நகரத்துக் கட்டுரைகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. ‘பழந்தமிழர் பொருளாதாரம்’ என்று புல்லரிக்கும் கட்டுரைகளும் அப்படித்தான். வட்டியில்லை என்ற சொல்லைக் கேட்டதும் அவை கைதட்டிவிடுகின்றன.

வட்டி இருக்கிறது. அதைக் கட்டுகிற ஆள்தான் வேறு.

முதலில் சோற்றைப் பார்ப்போம். ஒரு கணக்குக்கு 20 பேர் கூடி 3,000 பேருக்குச் சாப்பாடு போடுகிறார்கள், இலைக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு ஏழரை லட்சம், ஆளுக்கு 37,500. அவரவருக்கு 8 லட்சம் வந்தால் விருந்துச் செலவு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆண்டுகளில் பரப்பினால் எந்த வங்கியாலும் தரமுடியாத மலிவு. அதே ஊரில் கூட்டாளி கிடைக்காத ஒருவர் தனியாக 300 பேருக்கு வைக்கிறார். சாப்பாட்டுக்கு 75,000, பந்தல் பத்திரிகை பிளக்ஸுக்கு 25,000. வசூல் 4 லட்சம். நாலில் ஒரு பங்கு அன்றைக்கே போய்விட்டது. திருப்புவது அடுத்த வாரமே தொடங்கிவிடுவதால் பணம் அவர் கையில் சராசரியாக இரண்டரை ஆண்டுதான் நிற்கும்; ஆண்டுக்கு 10 சதவீதம் ஆகிறது. வந்த 4 லட்சத்தில் அவரே முன்பு செய்து இப்போது திரும்பிய பணமும் அடக்கம் என்பதால் உண்மையான விலை அதற்கும் மேலே. பெரிய கைகள் சேர்ந்து வைக்கும் விருந்து மலிவு. சின்னவர் தனியே வைப்பது அதிக விலை. கூட்டுச் சேர்க்கும்போது ஏறக்குறைய சமமாக வாங்கக்கூடியவர்களைத்தான் தேடுவார்கள் என்பதால், பலவீனமானவருக்கு இந்த மலிவு எட்டுவதே இல்லை.

செய்கிறவர் பக்கம் வந்தால் இதைவிடக் கனமான வட்டி தெரியும். ஆடி நடுவில் ஒரே நாளுக்கு நாலைந்து பத்திரிகைகள் வீட்டில் கிடக்கும். ஒவ்வொன்றிலும் இருபது பெயர். அதில் ஐந்தாறு பேருக்காவது நாம் செய்யவேண்டியிருக்கும். “ஒங்க பாக்கி மூவாயிரம் நிக்குதுண்ணே, பாத்து செய்யிங்க” என்று பத்திரிகை கொடுத்தவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். மூவாயிரம் மட்டும் திருப்பினால் உறவை வெட்டிக்கொண்ட மாதிரி. ஐந்தாயிரமாகச் செய்யவேண்டும். அறுவடைக் காசு கையில் இல்லாத மாதம். மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. சுயஉதவிக் குழுவில் எடுத்த கடன் மொய்யாகப் போவதும் உண்டு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் 50,000 வாங்கி ஓராண்டு மீட்காமல் கிடந்தால் வட்டி மட்டும் 12,000. விருந்து வைத்தவர் கட்டாத வட்டியை விருந்து சாப்பிட்டவர் கட்டுகிறார்.

நாளைக்கு இவர் வைக்கும்போது இன்னொருவர் கட்டுவார், சுற்றிச் சுற்றிச் சரியாகிவிடும் என்று இதற்குப் பதில் சொல்வார்கள். ஆகாது. நூறு தென்னை வைத்திருப்பவர் வாங்கும்போதும் சரி, செய்யும்போதும் சரி, அடகுக்கடைப் படி ஏறுவதில்லை. ஏறுகிறவர்கள் ஒவ்வோர் ஆடியிலும் ஏறுகிறார்கள். பணத்தின் மதிப்புக் குறைவும் இதோடு சேர்கிறது. ஐந்து ஆண்டுக்கு முன் செய்த ஆயிரம் ஆயிரமாகத்தான் திரும்பும், வங்கியில் 6.5 சதவீதத்தில் போட்டிருந்தால் அது 1,370 ஆகியிருக்கும். புது நடை இந்த நட்டத்தை ஈடுகட்டுவதாக நினைக்கத் தோன்றும். ஆனால் புது நடை வாங்கியவருக்கு லாபம் இல்லை, அடுத்த கடன். அவர் அதையும் திருப்பவேண்டும்.

இந்த வழக்கத்தின் பெரிய கோளாறாக நான் கருதுவது இங்கேதான் இருக்கிறது. இதற்குள் வர ஆயிரம் வழி, வெளியேறத்தான் வழி இல்லை. பிள்ளைகள் சென்னையில் தங்கிவிட்ட ஒரு வயதான தம்பதிக்கு ஊரில் மூன்று லட்சம் மொய் நிற்கிறது என்று வையுங்கள். வீடுவீடாகப் போய்க் கேட்கமுடியாது. விருந்து வைத்தால்தான் வரும். விருந்து வைத்தால் பழைய பாக்கியோடு புது நடையும் வந்து விழும். அதைத் திருப்பப் பிள்ளைகள் இன்னும் ஐந்து ஆடிக்கு ஊருக்கு வரவேண்டும். பாகப்பிரிவினையில் நிலத்தோடு மொய் நோட்டையும் பங்கு போடுகிறார்கள்: இந்த ஊர்க் கணக்கு அண்ணனுக்கு, அந்த ஊர்க் கணக்கு தம்பிக்கு. நோட்டில் பெயர் ஆணுடையது. அவர் இறந்தால் கணக்கு மனைவி தலையில் இறங்கும். வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று அதுவரை மனைவியிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சட்டம் இதற்குள் நுழையத் தெரியாமல் வாசலில் நிற்கிறது. கொடுத்த கடனுக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் மூன்று ஆண்டு. மொய் சுற்றி வருவதோ ஐந்து ஆண்டு. முறை வருவதற்குள் கடன் காலாவதியாகிவிடும். அன்பளிப்பு என்று சொன்னாலும் சிக்கல்தான். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்குமேல் வந்த அன்பளிப்பை வருமானமாகக் கொண்டது. கல்யாணத்துக்கு விலக்கு உண்டு, மொய் விருந்துக்கு இல்லை. எந்தச் சட்டமும் தாங்காத இந்தக் கடனை வெட்கம் தாங்குகிறது. வாங்கிவிட்டுச் செய்யாதவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. பெண் கொடுக்க யோசிப்பார்கள். பெரும்பாலும் பணம் திரும்பிவிடுவது இதனால்தான். எழுத்தில்லா நாணயம் என்று இதைப் புகழலாம். கையில் இல்லாதவன்கூட வட்டிக்கு வாங்கியாவது செய்துவிடுவதும் இதே வெட்கத்தால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது இன்னொரு பலவீனமும் வெளிப்பட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. வங்கி என்றால் ஒரு வட்டாரத்து நட்டத்தை வேறு வட்டாரத்து வரவு தாங்கும். இங்கே கொடுத்தவர், வாங்கியவர், இனிமேல் வாங்கவேண்டியவர் எல்லோருக்கும் விழுந்தது ஒரே மரம். தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். அது வளரும் முன்பே 2020 ஆடி ஊரடங்கில் போயிற்று. உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில் மொய்யால் உதவமுடியவில்லை. ஒருவருக்கு வந்த கஷ்டத்தைப் பத்துப் பேர் தாங்கத்தான் அதற்குத் தெரியும். பத்துப் பேருக்கும் ஒன்றாக வந்தால் அதனிடம் மருந்து இல்லை.

மீண்டும் தொடங்கியபின் தொகைகள் வீங்கின. 2022 ஆகஸ்டில் பேராவூரணிச் சட்டமன்ற உறுப்பினர் வைத்த விருந்தில் பத்துக் கோடி ரூபாய் அளவில் வசூலானதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அவர் அதற்குமுன் ஊருக்குச் செய்த மொய் அதில் எவ்வளவு என்பது அவர் நோட்டில் இருக்கும். என் கேள்வி தனி மனிதரைப் பற்றியது இல்லை. இருவரும் ஏறத்தாழச் சம நிலையில் இருக்கும்வரைதான் மொய் கைமாற்று. பதவியில் இருப்பவர் மேசைக்கு முன்னால் நிற்பவர் திருப்பி வாங்கும் எண்ணத்தோடுதான் செய்கிறாரா? மறுபக்கம், நிலமும் தோப்பும் இல்லாத கூலிக்காரர் அதே விருந்தில் இலை எடுக்கவும் பாத்திரம் கழுவவும் நிற்கிறார். ஐந்நூறு ரூபாய் மொய் செய்து ஐந்து ஆண்டு காத்திருக்கும் வசதி அவருக்கு இல்லை. அடகுக்கடையைவிட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. மொய் விருந்து அந்த நிலையை மாற்றவில்லை.

இதை ஒழிக்கவேண்டும் என்று சொல்லமாட்டேன். வங்கி மேலாளர் கேட்கும் காகிதம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல மாற்று இன்னும் வரவில்லை. புது நடைக்கு ஊரே ஓர் உச்சவரம்பு வைக்கலாம். வயதானவர்கள் பழைய பாக்கியை மட்டும் வாங்கிக் கணக்கு முடிக்கும் விருந்தை வெட்கமில்லாத ஒன்றாக ஆக்கலாம். தனி ஆள்கள் கூட்டாகச் சேர வழி செய்யலாம். இவற்றுக்குச் சட்டம் தேவையில்லை. பத்திரிகை அடிப்பவர்கள் உட்கார்ந்து பேசினால் போதும்.

ஆனால் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. மேசையில் இப்போது மடிக்கணினி, பணம் எண்ணும் இயந்திரம், ஜிபே அட்டை. செய்தவருக்கு உடனே ரசீது. காகித நோட்டில் கணவனை இழந்த ஒருத்தியின் இருநூறு ரூபாய்ப் பாக்கியைப் பார்த்தும் பார்க்காததுபோல் பக்கத்தைப் புரட்டிவிடும் பெரியவர்கள் இருந்தார்கள். கணினி அந்தப் பெயரையும் வரிசைப்படி அச்சடித்துத் தருகிறது.