வெப்பம் பாதி, அழுத்தம் பாதி

2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலின் முதல் பாடம் உலோகவியல். உலோகங்களைத் தூய்மையாக்கும் முறைகளை அது வரிசையாகவும் எளிமையாகவும் விளக்குகிறது. அவற்றுள் மான்ட் முறை பற்றிய பகுதியில் மட்டும் ஒரு குறை தென்படுகிறது.

தூய்மையற்ற நிக்கலைக் கார்பன் மோனாக்சைடு வாயுவில் சுமார் 350 கெல்வினுக்குச் சூடாக்கினால், எளிதில் ஆவியாகும் நிக்கல் டெட்ராகார்பனைல் உண்டாகிறது. அதையே 460 கெல்வினுக்குச் சூடாக்கினால் சிதைந்து தூய நிக்கலைத் தருகிறது. 1890இல் மான்ட், லாங்கர், குயின்கே ஆகியோர் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஆனால், குறைந்த சூட்டில் சேர்ந்தது கூடுதல் சூட்டில் பிரிவானேன்? பாடம் இதைக் கேட்கவில்லை.

விடை கடினமன்று. நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் ஒரு நிக்கல் அணுவுடன் இணைந்து ஒரே மூலக்கூறாகின்றன. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே சூடேற்றினால் வினை பின்னோக்கித் திரும்புகிறது. வாயுவின் பருமன் நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், அழுத்தம் கூடினால் வினை முன்னோக்கிச் செல்கிறது. பதினோராம் வகுப்பில் படித்த லீ சாட்லியர் கொள்கைதான் இது!

கனடாவின் சட்பரி நகரையடுத்த காப்பர் கிளிஃபில் 1973இல் தொடங்கிய ஆலை, சுமார் 180 டிகிரி செல்சியஸில், 70 வளிமண்டல அழுத்தத்தில் நிக்கல் கார்பனைலை உருவாக்குமாறு அமைக்கப்பட்டது. 180 டிகிரி என்பது 453 கெல்வின். ஏறத்தாழ எந்த வெப்பநிலையில் சிதையும் என்று நம் மாணவர் மனப்பாடம் செய்கிறாரோ, அதே வெப்பநிலையில் அங்கே அது உண்டாகிறது! அழுத்தத்தைச் சொல்லாமல் வெப்பநிலையை மட்டும் சொல்வது பாதி உண்மையே.

நச்சுத்தன்மையையும் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மாணவர்கள் சீமைக் கருவேல விறகை மண்ணால் மூடி எரிக்கும் கரிமூட்டத்தை அறிவார்கள். காற்று போதாத அந்த எரிதலில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதைவிடக் கொடியது நிக்கல் கார்பனைல். 43 டிகிரி செல்சியஸிலேயே, அதாவது நம் கத்திரி வெயிலுக்குச் சற்று மேலேயே, கொதித்து ஆவியாகிவிடும் திரவம் அது.

நகரத்து மாணவருக்கு வேறு நூல்கள் கிடைக்கலாம். இவ்வறண்ட பூமியில் தமிழில் பயிலும் மாணவர் பலருக்குப் பாடநூல் ஒன்றே துணை. அடுத்த பதிப்பில் சமன்பாட்டுக்கு இருபுற அம்புக்குறியும், அழுத்தம் பற்றி ஒரு வாக்கியமும், நச்சு பற்றி ஒரு வாக்கியமும் சேர்த்தால் போதும். எண்களை ஒப்புவிக்கும் மாணவர் காரணத்தையும் சொல்லத் தொடங்குவார்.