ஆட்டோ மேல் ஒரு வீடு

நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் ஊர். வெறும் சேஸிஸாக வரும் வண்டி, இங்கே கேபினும் படுக்கையுமாகக் கிளம்பும். நாமக்கல்காரரான கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019இல் ஆட்டோ மேல் வீடே கட்டினார். பெயர் ‘சோலோ 0.1’. மொத்தம் 36 சதுர அடி; செலவு சுமார் ஒரு லட்சம். அதற்குள் படுக்கை, அடுப்படி, குளியலறை, கழிப்பறை. கூரையில் சோலார் தகடு, தண்ணீர்த் தொட்டி. இடித்த கட்டடங்களின் பழைய சாமான்களும் சேர்ந்திருக்கின்றன.

என்னைக் கவர்ந்தது வீட்டை ஆட்டோவோடு இணைக்கும் ஆறு போல்ட்டுகள்தான். கழற்றினால் வீடு தனி, ஆட்டோ தனி. எந்த மேஸ்திரி இப்படிக் கட்டித் தருவார்?

2021இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா ட்விட்டரில் இதைப் பாராட்டி, பொலீரோ பிக்கப் மேலும் இப்படியொன்றை அருண் வடிவமைப்பாரா என்று கேட்டார். அதைக் கட்ட நாமக்கல் பட்டறைகளைவிடத் தோதான இடம் கிடையாது.