துட்டும் டுயிட்டும்: கைப்பேசிப் பணப்பையோடு ஒரு மாதம்

நாகப்பட்டினத்திலிருந்து மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு வேலைக்கு வந்த முதல் வாரம். ரொட்டி சானாய்க் கடை அக்கா "நாலு வெள்ளி தம்பி" என்றபோது திருதிருவென்று விழித்தேன். எங்கள் ஊரில் வெள்ளி என்றால் கொலுசு, இல்லாவிட்டால் கிழமை. இங்குள்ள தமிழர்களுக்கு ரிங்கிட்தான் வெள்ளி. சென் என்பது காசு.

பெயர் சீக்கிரம் பழகிவிட்டது, நாணயம்தான் பழகவில்லை. 2012இல் வெளிவந்த வரிசையில் ஐந்து காசும் பத்துக் காசும் ஒரே வெள்ளை நிறம். குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம். இருபதும் ஐம்பதும் மஞ்சள். ஆனால் பழைய வரிசையின் வெள்ளை இருபதும் இடையிடையே கைக்கு வரும். பின்னால் நாலு பேர் காத்திருக்க, சில்லறையை உள்ளங்கையில் குவித்து "நீங்களே எடுத்துக்குங்க அக்கா" என்று நீட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகிப்போய் கைப்பேசியில் பணப்பைச் செயலி ஒன்றை இறக்கினேன். இது ஒரு மாதப் பயன்பாட்டின் கணக்கு.

பதிவு செய்யக் கடவுச்சீட்டைப் படமெடுக்க வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும். முதல் முறை நிராகரிப்பு. பக்கத்தின் பளபளப்பில் டியூப்லைட் விழுந்திருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்து எடுத்தேன், ஏற்றுக்கொண்டது.

இந்தச் செயலிக்கு உயிர் கொடுப்பது கடைதோறும் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்புச் சதுரம். 2019இல் வந்த டுயிட்நவ் க்யூஆர். எந்த வங்கிச் செயலியானாலும் எந்தப் பணப்பையானாலும் இந்த ஒரே குறியை வருடினால் போதும். ஊரில் யுபிஐ பழகியவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. பெயர்தான் எனக்குப் புதையல். மலாயில் 'டுயிட்' என்றால் பணம். டச்சுக்காரர்களின் சின்னஞ்சிறு செப்புக்காசின் பெயர் அது. நம் 'துட்டு'ம் அதே காசிலிருந்து வந்ததுதான். 1658 முதல் 1781 வரை நாகையை ஆண்டவர்களும், தெலுக் இந்தான் இருக்கும் பேராக்கின் ஈயத்துக்காக 1670இல் பங்கோர் தீவில் கோட்டை கட்டியவர்களும் ஒரே டச்சுக் கம்பெனிக்காரர்கள். சில்லறையை ஒழிக்க வந்த ஏற்பாட்டுக்குச் சில்லறையின் பெயர்!

தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள கடைகளில் செயலி நன்றாகவே உழைத்தது. இரவுச் சந்தையில் முறுக்குக்காரர், பழக்காரர் என்று பெரும்பாலும் எல்லாரும் சதுரத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். கூட்டத்தில் இணையம் திணறும்போதுதான் திண்டாட்டம். ஒரு கையில் பலகாரமும் மறு கையில் சுற்றிக்கொண்டே இருக்கும் திரையுமாக நின்றிருக்கிறேன். பீடோர் போய் நெடுஞ்சாலை ஏறினால் சுங்கச் சாவடியில் ரொக்கம் செல்லாது, சுங்க அட்டை போன்ற ஏதாவது வேண்டும். செயலியில் இருக்கும் பணம் அட்டையில் இருப்பதாக நினைத்துப் போய்விடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

பேரங்காடியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு காசு நாணயத்தைக் கைவிட்ட பிறகு, 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்கிறார்கள். 4.97 என்றால் 4.95, 4.98 என்றால் 5.00. செயலியில் கட்டினால் 4.97 என்பது 4.97தான்.

பெரிய குறை, தொகை தட்டும் பலகை. யுபிஐ செயலியில் 4 தட்டினால் நாலு ரூபாய். என் செயலியிலோ எண்கள் வலக்கோடியிலிருந்து நிரம்பும். 4 தட்டினால் 0.04. நாலு வெள்ளிக்கு 400 தட்ட வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் ஒரு காலை 4 தட்டி, திரையைக் காட்டினேன். தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த அக்கா பச்சைக் குறியை மட்டும் பார்த்துத் தலையசைத்தார். இரவு கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் கட்டியது நாலு காசு.

தீர்ப்பு: வெளியூரிலிருந்து வருகிறவர் முதல் வாரமே இறக்கிக்கொள்ள வேண்டிய செயலி. ஆனால் கட்டுவதற்கு முன் புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரையைக் காட்டும்போது தொகையை வாய்விட்டும் சொல்லுங்கள். இணையம் படுக்கும் நாளுக்குப் பத்து வெள்ளித் தாள் ஒன்று பையில் கிடக்கட்டும்.

மறுநாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நாலு காசா? அப்படி ஒரு காசே இப்ப இல்லயே தம்பி!" என்று சிரித்தார். மீதி 3.96. ரொக்கமாகக் கொடுத்தால் 3.95தான் கொடுக்க முடியும், ஒரு காசு கடன் நிற்கும். சதுரத்தை வருடி 3, 9, 6 என்று தட்டினேன். வலக்கோடியிலிருந்து எண்கள் தாமே நகர்ந்து சரியான இடத்தில் உட்கார்ந்தன. அக்கா இம்முறை கைப்பேசியை வாங்கி, தொகையை இரண்டு தரம் படித்துப் பார்த்துத்தான் திருப்பித் தந்தார்.