பரபக்கப் பௌத்தமும் இற்றைப் பௌத்தமும்

சிவஞான சித்தியார்ப் பரபக்கம் பயிலும் அன்பர் பலர், சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்னும் நால்வரையும் மறுத்த அளவிலே பௌத்தம் முற்றும் மறுக்கப்பட்டதென்று அமைவர். விளாத்திகுளத்தில் அன்பர் சிலருடன் அந்நூலை ஓதியபொழுது, இன்று பௌத்தரெனப்படுவார் இந்நால்வருள் யாவர் என்று இளைஞரொருவர் வினவினார். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஈண்டு அதனை ஆராய்வாம்.

புத்தர்க்குப் பின் சில நூற்றாண்டுகள் வரை அவர்க்குத் திருவுருவம் சமைத்திலர். சாஞ்சியின் பழைய சிற்பங்களில் போதிமரமும் வெற்றிருக்கையும் அடிச்சுவடுமே அவரைக் குறித்து நின்றன. மணிமேகலையில் மணிபல்லவத்துப் பீடிகை வழிபடப்படுதல் அவ்வழக்கை நினைப்பிக்கின்றது. ஆயினும் அந்நூலிலேயே அப்பீடிகை பழம்பிறப்புணர்த்துவதாயிற்று. கடற்றெய்வமும் வற்றாத அமுதசுரபியும் உடன் வந்தன. பன்னிரு நிதானம் அறவணவடிகள் அறிவுறுத்திய கொள்கை. பசிப்பிணி தீர்த்தலும் தெய்வம் பேணலும் அதனோடு ஒட்டி வளர்ந்த ஒழுக்கம். நம் கடற்கரைக்கு எதிரேயுள்ள ஈழத்திலோ, விகாரைகளை அடுத்துத் திருமாலுக்கும் கதிர்காமக் கடவுளுக்கும் தேவாலயங்கள் உள. சிங்களப் பௌத்தர் ஆண்டு நேர்த்திக்கடன் செலுத்துப. பதியுண்மை கொள்ளாத சமயத்தார் முருகப்பெருமானை வேண்டி நிற்கும் இந்நிலை பரபக்கத்துள் யாண்டும் இல்லை.

இனித் தமிழகத்து நிகழ்ந்த மாற்றம் வேறு. நாகப்பட்டினத்துப் பௌத்தக் கட்டடத்தின் எச்சம் 1867-இல் இடிக்கப்பட்டது. 1898-இல் அயோத்திதாச பண்டிதர் ஈழஞ் சென்று பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். ஒடுக்கப்பட்ட மக்களே பூர்வ பௌத்தர் என்பது அவர் கொள்கை. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தந் தழுவினார். இவர்பாற் கணபங்க வாதத்தினும் சாதி மறுப்பே முற்பட்டு நின்றது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உயிரென ஒன்றில்லையாயின் வினை செய்தவன் யாவன், பயன் நுகர்பவன் யாவன், வீடடைபவன் யாவன் என்பது பௌத்தர்க்குச் சித்தாந்திகள் நிகழ்த்தும் தலையாய தடை. 1957-இல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலின் முன்னுரையில், உயிரின்றி வினையும் மறுபிறப்பும் எங்ஙனம் பொருந்தும் என்று அம்பேத்கர் தாமே வினவுகின்றார். அதன்பின் பழவினையின் பயன் பிறவிதோறும் தொடர்தலை விலக்கி, வினையை இவ்வுலக அறவொழுங்காகவும் மறுபிறப்பைப் பூதங்களின் மீட்டெழுச்சியாகவும் பொருள்படுத்தினார். தடையின் வன்மையை மாற்றாரே உணர்ந்து தம் கொள்கையைத் திருத்திக் கொண்டனராக, நாம் திருந்தாத பழங்கொள்கையையே மறுத்துக்கொண்டிருத்தல் இல்லாத பகைமேற் படையெடுத்தலாம்.

அற்றேல், பரபக்கம் பயனின்றாம் போலும் எனின், அற்றன்று. பிறர் மதத்தை முன்னர் அவர் கூற்றாகவே நிறுவிப் பின்னர் மறுத்தல் அருணந்தி சிவாசாரியார் காட்டிய நெறி. அந்நெறியே நமக்கு உரியது. அவர் காலத்துப் பௌத்தனை இக்காலத்தான்மேல் ஏற்றுதல் அந்நெறிக்கு இழுக்கு. உயிருண்மையை நிறுவும் கடமை நமக்கு இன்றும் உண்டு. ஆயின், கோயில் வாயிலில் தடுக்கப்பட்டமையாற் புறஞ்சென்றார்க்கு உயிரிலக்கணம் மட்டும் உரைத்தல் விடையாகாது. திருநாளைப்போவாரை நாயனாராகப் போற்றும் நாம், அப்போற்றுதலை ஒழுக்கத்தாற் காட்டுதலே அதற்கு விடை.

சாக்கிய நாயனார் பௌத்த வேடங் களையாமலே நாள்தோறும் கல்லெறிந்து சிவனை வழிபட்டார். இறைவன் அன்பையன்றி வேடத்தை நோக்கிற்றிலன். பௌத்தத்தை ஆராயப் புகுவார் அந்நோக்கினைக் கடைப்பிடிப்பாராக.