சர்ச்லைட் சுழலும் இருபது நொடி

ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் படத்துக்குத் தாமதமாக வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். கதையில் கொஞ்சம் விட்டால்கூடப் பக்கத்து இருக்கையில் கேட்டுக்கொள்ளலாம். அந்த முதல் இருபது நொடியை யார் திருப்பித் தருவார்கள்?

அரங்கு இருண்டதும் முதலில் வருவது டிரம். கடகடவென்று ஓர் உருட்டு, காலடியில் தரை அதிர்வதுபோல. அதன் தலைமேல் டிரம்பெட்டுகள் வந்து விழும். திரையில் மூன்று அடுக்காக எழுந்து நிற்கும் பொன்னிற எழுத்து மாளிகை, அதைச் சுற்றி வானத்தைத் துழாவும் சர்ச்லைட்டுகள். கல்யாணப் பந்தலில் கெட்டிமேளம் கேட்டதும் எல்லோர் முகமும் ஒரே பக்கம் திரும்புமே, அப்படித் திரும்புகிறது அரங்கம். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிடுகிறது.

இசையமைத்தவர் ஆல்ஃப்ரெட் நியூமன். ஒன்பது ஆஸ்கர் வாங்கியவர். இதை எழுதியது 1933இல், ட்வென்டியத் செஞ்சுரி பிக்சர்ஸ் என்ற புத்தம்புதிய கம்பெனிக்காக. 1935இல் அது ஃபாக்ஸ் ஃபிலிமோடு இணைந்தபோது இசையும் கூடவே வந்துவிட்டது. மாளிகையைத் தீட்டியவர் எமில் கோசா ஜூனியர். கம்ப்யூட்டர் ஏது அப்போது? கண்ணாடியில் வரைந்த ஓவியம் அது! 1968இல் வந்த ‘பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’ முடிவில் கடற்கரை மணலில் பாதி புதைந்து நிற்கும் சுதந்திர தேவி சிலைக் காட்சியிலும் அவர் கைவண்ணம் உண்டு. ஒரு படத்தின் வாசலையும் இன்னொரு படத்தின் கடைசி அதிர்ச்சியையும் தந்த ஓவியர் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீரவில்லை.

ஆனால் என் உயிர் இருப்பது இரண்டாம் பாதியில். 1953இல் ‘த ரோப்’ படத்தோடு ஃபாக்ஸ் சினிமாஸ்கோப்பை இறக்கியது. திரை அகன்றது, அதற்கு ஈடாக நியூமன் தன் இசையையும் நீட்டினார். டிரம்பெட் முழக்கம் முடிகிற இடத்தில் வயலின்கள் அலையாக எழுந்து மேலே மேலே போகும். முதல் பாதி நம்மை நிமிர வைக்கிறது என்றால் இரண்டாம் பாதி தூக்கிக்கொண்டே போய்விடுகிறது. அந்த ஏற்றத்தை நல்ல ஹெட்ஃபோனில் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். வயலின்களுக்கு அடியில் பித்தளை வாத்தியங்கள் தாங்கிப் பிடிப்பது தனியாகக் கேட்கும்.

எழுபதுகளில் இந்த இசை அபூர்வமாகத்தான் ஒலித்தது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ் இது வேண்டும் என்று விரும்பிச் சேர்த்தார். அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்! அந்தப் படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸும் தன் முகப்பு இசையை நியூமன் கையாண்ட அதே பி-ஃபிளாட் மேஜரில் அமைத்தார். லூகாஸ்ஃபிலிம் பெயர் வரும்போது வயலின் அலை ஓய்கிறது. நீல எழுத்துகள் தோன்ற, முழு மௌனம். பிறகு ஒரே வெடி! இரண்டு பேர் வெவ்வேறு காலத்தில் எழுதியவை ஒரே மூச்சாகச் சேர்ந்துகொள்கின்றன. ஸ்டார் வார்ஸ் டிஸ்னி கைக்கு மாறிய பிறகு 2015இல் வந்த படம் இந்த முழக்கம் இல்லாமல் தொடங்கியபோது எனக்கு வீடு வெறிச்சோடிய மாதிரி இருந்தது.

இதை வைத்து விளையாடியவர்களையும் எனக்குப் பிடிக்கும். ‘ஏலியன் 3’ கடைசிச் சுரத்துக்கு முன்பே இசையை அப்படியே உறைய வைத்துவிடும். வயிற்றில் பயம் கவ்வும். ‘த சிம்ப்சன்ஸ் மூவி’யில் குட்டிப் பையன் ரால்ஃப் மாளிகை ஓரத்தில் நின்று கூடவே பாடுவான். ‘பொஹீமியன் ராப்சடி’யில் குயின் குழுவின் பிரையன் மே கிட்டாரிலும் ரோஜர் டெய்லர் டிரம்ஸிலும் வாசித்துத் தள்ளியிருப்பார்கள். மூன்றிலும் எனக்கு முதலிடம் ‘ஏலியன் 3’தான். ஒரே ஒரு சுரத்தை நிறுத்தி வைத்து அவ்வளவு பயமுறுத்த முடியும் என்றால், அந்த இசை நம் ரத்தத்தில் எவ்வளவு ஊறியிருக்க வேண்டும்!

ஃபாக்ஸ் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’யையும் சொல்லாமல் விட மனமில்லை. லோகோ முடிந்து படம் திறக்கும்போது ஒலிப்பது பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு. உலகமெங்கும் அரங்குகளில் அந்த மாளிகையைத் தாண்டியதும் தமிழ் கேட்டது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

1994இல் மாளிகை கம்ப்யூட்டருக்கு மாறியது. புரூஸ் பிராட்டன் நடத்த, இசையைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். கேமரா மேலிருந்து வளைந்து இறங்கி வரும் அழகுக்காகவே அந்த வடிவம்தான் எனக்கு அழகி. பிறகு நியூமனின் மகன் டேவிட் நியூமனும் ‘அனஸ்தேசியா’ படத்தின்போது அப்பாவின் இசையைத் தானே நடத்திப் பதிவு செய்தார். ஃபாக்ஸை வாங்கியிருந்த டிஸ்னி 2020இல் ‘ஃபாக்ஸ்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘ட்வென்டியத் செஞ்சுரி ஸ்டூடியோஸ்’ ஆக்கியது. ‘த கால் ஆஃப் த வைல்ட்’ முன்னால் புதுப்பெயர் வருகிறது என்று தெரிந்து நெஞ்சு படபடக்கக் காத்திருந்தேன். பெயர்தான் மாறியிருந்தது. டிரம் அதே டிரம், டிரம்பெட் அதே டிரம்பெட்!