ஓடுவதா, நிற்பதா: பேஸ்பாலில் ஒரு தீர்மானத்தை ரசிப்பது எப்படி

பேஸ்பாலில் பந்து வீசுவதும் அதை அடிப்பதுமே முதலில் கண்ணில் படுகின்றன. அடித்தவர் ஓடத் தொடங்கிய பின் எங்கே நிற்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கவனிக்கப் பழகியவருக்கே அந்த ஆட்டத்தின் ஆழம் பிடிபடும். சதுரத்தின் மூலைகளில் 90 அடி இடைவெளியில் அமைந்த பேஸ்கள் எனப்படும் தளங்களை வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்புபவர் ஒரு ரன் சேர்க்கிறார். வழியில் பந்தை ஏந்திய எதிரணி வீரர் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். கிரிக்கெட்டில் இரு மட்டையாளர்களும் குரல் கொடுத்து ஓட்டத்தை முடிவு செய்கின்றனர். பேஸ்பாலில் பந்து பெரும்பாலும் ஓடுபவரின் முதுகுக்குப் பின்னால் கிடப்பதால், மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளரே அவருக்குக் கண்ணாக இருந்து, கையைச் சுழற்றி ஓடச் சொல்கிறார், கைகளை உயர்த்தி நிறுத்துகிறார்.

இதற்கு, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் 2014-ஆம் ஆண்டு ஏழாவது ஆட்டத்தைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. அக்டோபர் 29 அன்று கன்சாஸ் சிட்டியில், ராயல்ஸ் அணி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸிடம் 3-2 என்று பின்தங்கிய நிலையில், கடைசி இன்னிங்ஸில் இரண்டு அவுட்கள் விழுந்துவிட்டன. மூன்று நாள் முன்புதான் ஒரு முழு ஆட்டத்தையும் ரன் கொடுக்காமல் வீசி முடித்திருந்த ஜயன்ட்ஸ் வீச்சாளர் மேடிசன் பம்கார்னர், அன்றும் இடையில் வந்து தொடர்ந்து 14 பேரை வீழ்த்தியிருந்தார். அப்போது ராயல்ஸின் அலெக்ஸ் கோர்டன் அடித்த பந்து நடுக்களக் காப்பாளர் கிரெகோர் பிளாங்கோவைத் தாண்டிச் சுவர்வரை உருண்டது. இடதுகளத்தில் நின்ற ஹுவான் பெரெஸும் அதை எடுப்பதில் தடுமாறினார். கோர்டன் மூன்றாம் பேஸை எட்டும் வேளையில், இடைநிலைக் காப்பாளரான ஷார்ட்ஸ்டாப் பிராண்டன் கிராஃபோர்டிடம் பந்து வந்து சேர்ந்துவிட, பயிற்சியாளர் மைக் ஜிர்ஷெலி கைகளை உயர்த்தினார். அடுத்து வந்த சால்வடோர் பெரெஸ் உயரத் தூக்கிய பந்தை பாப்லோ சாண்டோவால் பிடிக்க, ஆட்டமும் தொடரும் முடிந்தன.

ஓடவிட்டிருந்தால் ஆட்டம் சமனாகியிருக்குமே என்ற வாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை. ஆனால் ஒரு தீர்மானத்தை அதன் விளைவைக் கொண்டு அளப்பது தவறு. அளக்க வேண்டியவை இரண்டு வாய்ப்புகள்: ஓடினால் தப்பிச் சேரும் வாய்ப்பு ஒன்று, நின்றால் அடுத்த மட்டையாளர் அவரை வீடு சேர்க்கும் வாய்ப்பு மற்றொன்று. இரண்டு அவுட்கள் விழுந்த பின் பிடிபட்டால் ஆட்டமே முடிந்துவிடும் என்பதால், முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே ஓடுவது நியாயம். சால்வடோர் பெரெஸின் அந்தப் பருவ மட்டையடிச் சராசரி 0.260, அதாவது நூறு முயற்சிக்கு ஏறத்தாழ 26 வெற்றி அடிகள். அவர் அன்று தொடக்கத்திலேயே முழங்காலில் பந்து பட்டு வலியோடு ஆடினார் என்பது உண்மை. அந்தத் தொடரில் பம்கார்னர் விட்டுக்கொடுத்த ஒரே ரன், முதல் ஆட்டத்தில் அதே பெரெஸ் அடித்த ஹோம் ரன் என்பதும் உண்மை. எனவே கேள்வி சுருங்குகிறது: 90 அடி தொலைவு எஞ்சியிருக்க, பந்தைக் கையில் வைத்திருந்த கிராஃபோர்ட் நான்கில் ஒருமுறைக்கு மேல் பிழையாக எறிவாரா? தேர்ந்த ஒரு ஷார்ட்ஸ்டாப்பிடம் அத்தனை பிழையை எதிர்பார்க்க முடியாது. ஜிர்ஷெலியின் தீர்மானம் சரியானதே. பதிவைப் பார்ப்பவர் பந்தை விட்டுவிட்டு, கிராஃபோர்டின் கை பந்தைப் பற்றும் நொடியில் படத்தை நிறுத்தி, கோர்டன் எங்கே இருக்கிறார் என்று பார்த்தால் இது விளங்கும்.

அதே ஜிர்ஷெலி அடுத்த ஆண்டு துணிந்து ஓடவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரசனை நிறைவடையும். 2015 அக்டோபர் 23 அன்று டொரோண்டோவுக்கு எதிரான ஆட்டம் 3-3 என்றிருக்க, எரிக் ஹாஸ்மர் வலதுகளத்துக்கு அடித்தபோது, முதல் பேஸிலிருந்து புறப்பட்ட லொரென்சோ கெய்னை அவர் வீடுவரை அனுப்பினார். வலதுகளத்தில் நின்ற ஹோசே பாட்டிஸ்டா இத்தகைய பந்தை இரண்டாம் பேஸுக்கு எறியும் வழக்கம் உடையவர் என்பதை ஜிர்ஷெலி முன்பே அறிந்திருந்தார்.

சில நாட்களில், நியூயார்க் மெட்ஸுடனான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில், தீர்மானம் ஓடுபவரின் கைக்கே வந்தது. கடைசி இன்னிங்ஸில் மெட்ஸ் 2-1 என்று முன்னிலை, ஒரு அவுட், மூன்றாம் பேஸில் ஹாஸ்மர். சால்வடோர் பெரெஸ் தரையில் அடித்த பந்தை எடுத்து டேவிட் ரைட் முதல் பேஸுக்கு எறிந்த கணத்தில் ஹாஸ்மர் பாய்ந்தார். அங்கிருந்து லூகஸ் டூடா எறிந்த பந்து கேட்சரைக் கடந்து விலகிப் போக, ஆட்டம் சமனானது. நேராக எறிந்திருந்தால் பெரெஸை அடுத்து ஹாஸ்மரும் மூன்றாவதாக அவுட் ஆகி, அத்துடன் மெட்ஸ் வென்றிருக்கும். எனினும் இதைக் குருட்டுத் துணிச்சல் என்று தள்ளுவது நியாயமல்ல: முதுகுத்தண்டுக் கோளாறால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்திருந்த ரைட்டின் எறிதலில் வேகம் குறைவு, டூடாவோ பேஸில் பந்தைப் பிடித்த பின் உடலைத் திருப்பி அவசரமாக எறிய வேண்டியிருந்தது. ஹாஸ்மர் நின்றிருந்தால் அடுத்து மட்டை பிடித்திருப்பவர் அலெக்ஸ் கோர்டன். அவரது அந்தப் பருவச் சராசரி 0.271. டூடா பிழையாக எறியும் வாய்ப்பு நூற்றுக்கு 27-ஐ விடக் கூடுதலா என்பதைத்தான் ஹாஸ்மர் ஓரிரு நொடியில் கணித்தாக வேண்டியிருந்தது, அந்தக் கணிப்பில் இன்றளவும் நியாயமாக மாறுபட இடமுண்டு.