விழித்திரை மருத்துவமும் புலம்பெயர்ந்த மேதைகளும்

விழித்திரை மருத்துவத்தின் வரலாற்றில் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். பெல்ஜியத்தில் பிறந்த சார்லஸ் ஷெபன்ஸ் 1947இல் அமெரிக்கா சென்றார். ஜெர்மனியரான ராபர்ட் மாகெமர் 1966இல் மயாமி சென்றார். தாய்நாட்டை விட்டுச் சென்று சாதித்த மேதைகள் என்று இருவரையும் வாழ்த்துவது வழக்கம். அந்த வாழ்த்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. புலம்பெயர்வு இவர்களுக்கு மேதைமையைத் தரவில்லை. அதை வேரூன்றச் செய்யும் நிலத்தைத் தந்தது.

ஷெபன்ஸின் புகழுக்குக் காரணமான, இரு கண்ணாலும் பார்க்கும் மறைமுக விழிநோக்கி அமெரிக்காவில் பிறந்ததல்ல. லண்டனில் இருந்தபோதே அவர் உருவாக்கியது. விழித்திரை விலகும்போது கிழிசல் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். பழைய கருவியில் ஒரு சிறு வட்டம் மட்டும், அதுவும் ஆழமில்லாமல் தெரிந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் இந்தக் கருவி ஓரம்வரை ஆழத்தோடு காட்டியது, கண்ணை அழுத்திப் பார்க்க ஒரு கையை விடுவித்தது. ஆனால் கையாளக் கடினமானது. பாஸ்டனில் 1949இல் விழித்திரைக்கென்றே ஒரு பிரிவையும், அடுத்த ஆண்டு ஓர் ஆய்வு நிறுவனத்தையும் அவர் அமைத்து, பல நாட்டு இளம் மருத்துவர்களைப் பழக்கியதால்தான் அது பரவியது. என் கணிப்பில், கருவியைவிட அந்தப் பள்ளியே பெரிய சாதனை.

மாகெமரின் கதை வேறு. கண்ணின் உட்கூழான விட்ரியஸைத் தொடவே கூடாது என்பது அன்றைய நம்பிக்கை. அதை நீக்கினாலும் கண் தாங்கும் என்று மயாமியிலேயே டேவிட் காஸ்னர் காட்டியிருந்தார். பொறியாளர் ஜான்-மரி பரேலும் அங்கே கிடைத்தார். வெட்டி, உறிஞ்சி, திரவம் நிரப்பும் சிறு கருவியால் 1970இல் மூடிய கண்ணுக்குள்ளேயே விட்ரியஸை நீக்கும் அறுவையைச் செய்ய வழி பிறந்தது. முட்டையில் ஒத்திகை பார்த்த ஒருவரின் துணிச்சல் அது. ஆனால் தனியொருவரின் வெற்றி அன்று.

அந்நியராக இருந்ததே புதிதாகச் சிந்திக்க வைத்தது என்று சிலர் வாதிடலாம். ஆனால் கிழிசலே விழித்திரை விலகலுக்குக் காரணம், அதை அடைக்க வேண்டும் என்று நிறுவிய ஜூல் கோனான் சுவிட்சர்லாந்தை விட்டுப் போகவில்லை. கண்சுவரை வெளியிலிருந்து உள்ளே அழுத்தும் சிகிச்சையை 1949இல் தொடங்கிய எர்ன்ஸ்ட் குஸ்டோடிஸும் ஜெர்மனியில்தான் இருந்தார். ஆகவே கண்டுபிடிப்புக்குப் புலம்பெயர்வு தேவையில்லை. பரவலுக்குத்தான் அது உதவியது. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. பணமும் ஆய்வுக்கூடமும் ஒரு நாட்டில் குவிந்தால், கற்க வருபவர்களும் அங்கேயே தங்கிவிடுவார்கள். கிழிசலோடு ஊரில் காத்திருக்கும் நோயாளிக்கு மேதையின் புகழ் பயன்படாது. அறிவு எங்கிருந்தாலும் மனிதகுலத்துக்குப் பொதுவானது என்பது உண்மை. ஆனால் விலகிய விழித்திரை நாள்கணக்கில் பார்வையை இழக்கிறது. கட்டுரைகள் அதை ஒட்டவைக்காது, அருகில் பழகிய கை வேண்டும்.

இந்த வாழ்க்கைகளை எடைபோட மாணவர்கள் எங்கே வேலை செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஷெபன்ஸிடம் பாஸ்டனில் பயின்ற எஸ்.எஸ். பத்ரிநாத் 1970இல் இந்தியா திரும்பினார். 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார்.